விளையாட்டு நோயாகும் முன்

உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ஆம் ஆண்டில் அங்கீகரித்து, 2022 ஜனவரி முதல் அமலுக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், வீடியோ கேமுக்கு வசப்பட்டுப் போவதும் ஒரு நோயாக இடம் பெற்றுவிட்டது. எப்போது நிறுத்துவது என்பது ஆடுகிறவன் கையில் இல்லாமற் போவதும், படிப்பும் உறக்கமும் சிநேகமும் ஆட்டத்துக்குப் பின்னே தள்ளப்படுவதும், கேடு பிரத்தியட்சமாகத் தெரிந்த பின்னும் ஆட்டம் தொடர்வதுமாகிய இம்மூன்றும் ஒருங்கே சேர்ந்து, சாதாரணமாக ஓராண்டேனும் நீடித்து, வாழ்க்கையையே குலைத்தாலன்றி வைத்தியர்கள் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஆகவே, விடுமுறையில் மணிக்கணக்காக ஆடும் பிள்ளைகளையெல்லாம் நோயாளிகளாகப் பாவிப்பது தவறு. ஆயினும் நோய் முற்றும் வரையில் கைகட்டிக் காத்திருப்பது அதைவிடப் பெரிய அநியாயம். நோய் என்று சொல்லத் தகாவிடினும் அபாயகரமான ஆட்டம் என்று ஒரு நிலை அதே பட்டியலில் தனியே குறிக்கப்பட்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. உதவிக்கு உகந்த சமயம் அதுதான்.

அந்த உதவி எத்தகையதாக இருக்க வேண்டும்? தென் கொரியா 2011-ல், பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை இணைய விளையாட்டில் நுழையவே கூடாது என்று சட்டம் செய்தது. பெற்றோரின் அடையாள எண்ணைக் கொடுத்துப் பிள்ளைகள் நுழைந்தார்கள். கைப்பேசி ஆட்டங்களோ சட்டத்துக்கு வெளியே நின்றன. பத்தாண்டுகளுக்குப் பின் அரசாங்கமே அதை ரத்துச் செய்தது.

ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரத்தின் உளவியல் ஆராய்ச்சியாளர் காதாயூன் லிண்டன்பர்க்கும் அவருடைய சகாக்களும் வேறு மார்க்கத்தில் சென்றார்கள். 33 பள்ளிகளில், 12 முதல் 18 வயது வரையில், அபாயத்தின் அறிகுறி தென்பட்ட 422 பேரைத் தேர்ந்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் தொண்ணூறு நிமிஷம் வீதம் நான்கே அமர்வுகளில் பயிற்சி அளித்தார்கள். அங்கே பேசப்பட்டவை சலிப்பு, பரீட்சைப் பயம், வேலையைத் தள்ளிப்போடுதல், பிறரோடு பழகுவதில் கூச்சம், மனச்சோர்வு ஆகியவையே. இதுவே அம்முயற்சியின் விசேஷம் என்று நான் கருதுகிறேன். உதாரணமாக, நாளைக்குக் கணக்குப் பரீட்சை. புத்தகத்தைத் திறந்ததுமே வயிற்றைக் கலக்குகிறது. 'ஒரே ஓர் ஆட்டம்' என்று பையன் கைப்பேசியை எடுக்கிறான், கலக்கம் அடங்குகிறது. இரவு பதினொரு மணிக்கு அது இரட்டிப்பாகத் திரும்பி வர, மறுபடியும் ஆட்டத்திலேயே அடைக்கலம் புகுகிறான். இந்தச் சுழலைத் தானே கண்டுகொள்ளவும், பயத்தைத் தூண்டும் எண்ணத்தை நிறுத்தி விசாரிக்கவும், பாடத்தைச் சிறு பகுதிகளாக்கித் தொடங்கவும் கற்றவனுக்கு ஆட்டத்தின் தேவையே குறைந்துபோகிறது.

ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களிடம் அறிகுறிகளின் கடுமை ஏறத்தாழ 40 சதவீதமும், பெறாதவர்களிடம் 28 சதவீதமும் தணிந்திருந்தது. புதிதாக நோய்க்கு ஆளானோர் தொகையில் மட்டும் வேற்றுமை தென்படவில்லை. அதிசய சித்தி ஒன்றுமில்லை. ஆனால், ஆறு மணி நேரப் பாடத்தால் ஒரு வருஷத்துக்குப் பின்னும் நிலைத்திருக்கும் நிவாரணம் அற்பமானதன்று.

வீட்டிலும் இந்தப் பயிற்சியின் வழியைப் பின்பற்றலாம். கூட்டாகச் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் நடுவே எழுந்தால் தோழர்கள் தோற்பார்கள், விட்டுப்போனவனுக்கு ஆட்டமே தண்டனையும் விதிக்கும். இதை அறியாமல் ஒயரைப் பிடுங்கும் தகப்பனாரிடமல்ல, "இந்த ஆட்டம் எப்போதப்பா முடியும்?" என்று கேட்டுவிட்டு, முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளியில் என்ன சங்கடம் என்று விசாரிக்கும் தாயாரிடம் பிள்ளை மனம் திறப்பான். உறக்கம் கெட்டு, மதிப்பெண் சரிந்து, தடுத்தால் ஆவேசம் மூளுகிறதென்றால் நிபுணரை நாடத் தயங்க வேண்டாம்: பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே ஒரு பிரிவு இயங்குகிறது, 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் மனநல ஆலோசனை தமிழிலேயே கிடைக்கிறது.