வெந்நீர் கட்டிய வெள்ளை மலை!

துருக்கியின் தென்மேற்கில், டெனிஸ்லி நகரத்திலிருந்து மினி பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அந்த மலை தூரத்திலேயே தெரிந்துவிடும். ஜூலை மாத வெயிலிலும் பனி மூடியது போல வெள்ளைவெளேர் என்று நிற்கும். பனியில்லை, சுண்ணாம்பு! ஊரின் பெயர் பாமுக்கலே. துருக்கி மொழியில் ‘பருத்திக் கோட்டை’ என்று அர்த்தம்.

போர்வெல் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதேதான் இங்கே மலையளவுக்குப் படிந்திருக்கிறது. பூமிக்குள்ளிருந்து சுமார் 35 டிகிரி சூட்டில் வரும் ஊற்றுநீரில் சுண்ணாம்பும் கரியமில வாயுவும் கரைந்திருக்கின்றன. வெளியே வந்ததும், சோடா பாட்டிலைத் திறந்தது போல வாயு பறந்துவிடும், சுண்ணாம்பு தங்கிவிடும். முதலில் களி மாதிரி மெத்தென்று இருந்து, நாளடைவில் கல்லாக இறுகும். தண்ணீர் வழியும் விளிம்பில் அதிகம் படிவதால் விளிம்பு உயர்ந்துகொண்டே போகும். வயலில் பாத்தி கட்டியது போல அடுக்கடுக்காகத் தொட்டிகள் உருவானது இப்படித்தான்.

நண்பர்களோடு போனால் இங்கே ஒரு தகராறு நிச்சயம். பாதிப் பேர் தண்ணீருக்கு ஓடுவார்கள். மீதிப் பேருக்கு மலைமேல் இருக்கும் ஹியராபோலிஸ் என்ற பழைய நகரத்தைப் பார்க்க வேண்டும். வடக்கு வாசல் வழியாக நுழைந்தால் சண்டை தேவையில்லை. முதலில் இடிபாடுகள், கடைசியில் தண்ணீர்.

நுழைந்ததுமே கல்லறைகள். ஆயிரத்துக்கும் மேல்! வெந்நீர் வைத்தியத்துக்கு வந்தவர்கள் பலர் இங்கேயே கண்ணை மூடிவிட்டார்கள் என்பார்கள். இங்கே கிடைத்த ஒரு கல் சவப்பெட்டி, பொறியியல் படித்தவர்களுக்குப் பொக்கிஷம். அம்மியானோஸ் என்பவருடையது, 3-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நீர்ச்சக்கரத்தால் இயங்கி, கல் அறுக்கும் ரம்பம் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. சுழலும் சக்கரத்தை முன்னும் பின்னுமான அசைவாக மாற்றும் இயந்திரத்துக்குக் கிடைத்த மிகப் பழைய ஆதாரங்களில் இதுவும் ஒன்று.

நகரத்தைக் கி.மு. 2-ம் நூற்றாண்டில் பெர்காமோன் அரசர்கள் நிறுவினார்கள். பிறகு ரோமானியர் கைக்குப் போனது. கி.பி. 60-ல் நிலநடுக்கம் தரைமட்டமாக்க, மறுபடி கட்டினார்கள். மேட்டிலுள்ள அரங்கத்தின் படிகளில் உட்கார்ந்தால் கீழே சமவெளி முழுவதும் தெரியும்.

அதன் அருகில்தான் ‘எமலோகத்தின் வாசல்’. காளைகளை உள்ளே ஓட்டினால் செத்து விழும். பூசாரிகள் மட்டும் உயிரோடு திரும்புவார்கள். ஸ்ட்ராபோ என்ற கிரேக்கப் பயணி சிட்டுக்குருவிகளை எறிந்து சோதித்தார். அவையும் செத்தன. காரணம் அதே கரியமில வாயு! காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தேங்கும். தலை உயரத்தில் மூச்சு விட்ட பூசாரிகள் தப்பினார்கள். 2018-ல் வெளியான ஆய்வு, வாயு இன்னும் கசிவதை அளந்து காட்டியது.

இத்தனையும் பார்த்துவிட்டுத் தொட்டிகளுக்கு வந்தால் சிலருக்கு முகம் வாடும். பல தொட்டிகள் காய்ந்து கிடக்கும். ‘போட்டோவில் இப்படி இல்லையே!’ என்பார்கள். அதற்குப் பின்னால் ஒரு வருத்தமான கதை உண்டு. ஒரு காலத்தில் இடிபாடுகளுக்கு நடுவிலேயே ஹோட்டல்கள் கட்டி, ஊற்றுநீரைத் தங்கள் நீச்சல் குளங்களுக்குத் திருப்பினார்கள். வெள்ளைச் சரிவின் மேலேயே ரோடு போட்டார்கள். மலை பழுப்பேறியது. 1988-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பிறகு, 90-களில் ஹோட்டல்கள் இடிக்கப்பட்டன. இப்போது தண்ணீரை முறை வைத்துத்தான் விடுகிறார்கள். ஒரே இடத்தில் ஓடினால் பாசி பிடிக்கும், காயவிட்டால் வெளுக்கும். மலை உடம்பு தேற ஓய்வெடுக்கிறது, அவ்வளவுதான்.

நடக்க அனுமதி ஒரு பாதையில் மட்டும். பழைய ரோட்டை மறைத்துச் செயற்கையாகக் கட்டிய தொட்டிகள் அங்கேதான் இருக்கின்றன. செருப்பு கூடாது, மாட்டினால் காவலரின் விசில் பறக்கும். ஈரமான இடம் வழுக்கும், காய்ந்த இடம் குத்தும். மாலை வெயில் சாய்ந்ததும் இறங்கத் தொடங்கினால் சரிவு முழுக்க ரோஜா நிறமாகும். நாலு பேர் செருப்பும் கொள்ளும் அளவுக்கு ஒரு பை எடுத்துக்கொள்ளுங்கள். அதை யார் தூக்குவது என்பதை வாசலிலேயே பேசி முடித்துவிடுவது நல்லது!