வெள்ளிக்காசு என்றொரு இரயில் பெட்டி

ஒரு நாட்டின் விரைவு வண்டிகள் அதன் செல்வத்தைக் காட்டும். ஊருக்கு ஊர் நின்று செல்லும் சாதாரண வண்டியோ, அந்நாடு எளியவரை எவ்வாறு மதிக்கிறது என்பதைக் காட்டும். ஜெர்மனி நாட்டின் இரயில் பெட்டிகள் இதற்கு நல்ல சான்றாகும்.

ஜெர்மனியின் முதல் இரயில் 1835-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் நூரம்பர்க் நகரிலிருந்து ஃபூர்த் நகருக்கு ஓடிற்று. அக்காலப் பெட்டி, குதிரை வண்டிகள் சிலவற்றை ஒட்டி வைத்தாற்போன்றது. ஒவ்வோர் அறைக்கும் தனிக் கதவு உண்டு. அறைக்கு அறை செல்ல வழியில்லை. சீட்டுப் பரிசோதகர் ஓடும் வண்டியின் வெளிப்புறப் படிப்பலகையில் உயிரைப் பணயம் வைத்து நடந்தார்!

பின்னர் நான்கு வகுப்புகள் ஏற்பட்டன. நான்காம் வகுப்பில் கூலியாட்களும், கூடை சுமந்து சந்தைக்குச் செல்லும் பெண்களும் பெரும்பாலும் நின்றே பயணம் செய்தனர். 1928-இல் அவ்வகுப்பு நீக்கப்பட்டது. மரப்பலகை இருக்கைகள் கொண்ட மூன்றாம் வகுப்பு 1956-இல் மறைந்தது.

இரண்டாம் உலகப் போரில் எண்ணற்ற பெட்டிகள் அழிந்தன. மேற்கு ஜெர்மனி சோர்ந்துவிடவில்லை. 1950-களில் பழைய பெட்டிகளின் அடிச்சட்டங்களைச் செப்பனிட்டு, அவற்றின்மேல் புதிய எஃகுக் கூடுகளைப் பொருத்தி ஓட்டியது. சிக்கனத்திற்கு இதைவிட நல்ல பாடம் ஏது?

அதன்பின் வந்ததே ‘சில்பர்லிங்’ பெட்டி. 1950-களின் இறுதி தொடங்கி 1980 வரை 5000-க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. நீளம் 26.4 மீட்டர். பக்கத்திற்கு இரண்டு அகன்ற வாயில்கள் பெட்டியை மூன்று பகுதிகளாகப் பிரித்தன. ஆகவே கூட்டம் நெரிசலின்றி விரைவில் ஏறி இறங்கிற்று. இரண்டாம் வகுப்பிலும் மெத்தை இருக்கைகளே. வெளிப்புறம் துருப்பிடிக்காத எஃகு, வண்ணம் பூசவில்லை. சன்னல்களுக்குக் கீழே மயிற்கண் போன்ற வட்டங்கள் மின்னின.

‘சில்பர்லிங்’ என்றால் வெள்ளிக்காசு. யூதாசு பெற்ற முப்பது வெள்ளிக்காசுகளையும் ஜெர்மன் விவிலியம் இச்சொல்லால்தான் குறிக்கிறது. அந்த வெள்ளி ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தது. இந்த வெள்ளியோ தொழிலாளரையும் பள்ளிப் பிள்ளைகளையும் நாள்தோறும் வீடு சேர்த்தது.

எனினும் அதில் ஏறச் சில படிகள் இருந்தன. முதியோரும் சக்கர நாற்காலியில் செல்வோரும் இடர்ப்பட்டனர். 1990-களில் வந்த புதிய இரண்டு அடுக்குப் பெட்டிகளில் வாயில், நடைமேடையை ஒட்டித் தாழ்வாக அமைந்தது. வெள்ளிப் பெட்டிகளும் படிப்படியாக ஓய்வு பெற்றன.

நின்றவருக்கு இருக்கை கிடைத்தது. ஏற இயலாதவருக்கு வாயில் தாழ்ந்தது. அன்புத் தோழியரே, நாளை நம்மில் எவரேனும் பொறியியல் பயின்று ஒரு பெட்டியை வரைய நேர்ந்தால், அதில் கடைசியாக ஏறும் எளியவரை முதலில் நினைப்போமாக!