பூடில் பாதி, ஸ்பானியல் மீதி

சனிக்கிழமை காலையில் லண்டனின் எந்தப் பூங்காவுக்குப் போனாலும், சுருட்டை முடியும் உருண்டை மூக்குமாக ஒரு நாய் உங்கள் காலைச் சுற்றி வரும். அநேகமாக அது காக்கபூவாக இருக்கும், இல்லையென்றால் கவாபூ. முன்னது பூடிலுக்கும் காக்கர் ஸ்பானியலுக்கும் பிறந்த கலப்பு. பின்னது பூடிலுக்கும் கவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பானியலுக்கும் பிறந்தது. ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் நம் தமிழ் வீடுகளுக்குள்ளும் இரண்டும் வந்துவிட்டன. நாயை வாசலோடு நிறுத்தி வைத்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று அதை சோஃபாவில் ஏற்றி உட்கார வைத்திருக்கிறார்கள். "ரெண்டுல எதை வாங்கலாம்?" என்ற கேள்வி கல்யாணப் பந்தியில்கூடக் காதில் விழுகிறது.

கேட்பவர்கள் பெரும்பாலும் நிறத்தையும் முகத்தையும் வைத்துத்தான் பேசுகிறார்கள். பூடில் இரண்டுக்கும் பொது. புத்திசாலித்தனம், சுருட்டை முடி, ஆள் இல்லாவிட்டால் ஏங்கிப் போகும் குணம் எல்லாம் இரண்டிலும் இருக்கும். வித்தியாசம் மற்ற பாதியில். எந்த ஸ்பானியலோடு உங்களால் பன்னிரண்டு, பதினான்கு வருடம் குடும்பம் நடத்த முடியும் என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்த பூடில் கலப்பு மோகத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது ஆஸ்திரேலியா. 1980களின் கடைசியில், விக்டோரியா மாநிலத்தில் பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய் பழக்கும் சங்கத்தில் வாலி கான்ரன் என்பவர் வேலை பார்த்தார். ஹவாயில் இருந்த ஒரு பார்வையற்ற பெண்மணிக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. அவருடைய கணவருக்கோ நாய் என்றால் அலர்ஜி. பூடில்களைப் பழக்கிப் பார்த்தும் வேலைக்கு ஆகவில்லை. 1989இல் லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார் கான்ரன். மூன்று குட்டிகள் பிறந்தன. அவற்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிச் சோதித்ததில், மூன்றில் ஒன்றுதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. 'லாப்ரடூடில்' என்று பெயர் சூட்டி விளம்பரப்படுத்தியதும் உலகம் முழுக்கக் கிராக்கி பிறந்தது. கண்ட கண்ட ஆட்களெல்லாம் கலப்புக் குட்டி விற்கக் கிளம்பியதைப் பார்த்து, 2019இல் கான்ரனே வெளிப்படையாக வருத்தப்பட்டார். காக்கபூ அதற்கும் முந்தியது. அமெரிக்காவில் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது.

மூன்றில் ஒன்று என்ற அந்தக் கணக்கை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. "பூடில் கலப்பு என்றால் அலர்ஜி வராது" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அலர்ஜி முடியால் வருவதில்லை. நாயின் எச்சிலிலும் தோல் பொடியிலும் இருக்கும் புரதங்களால் வருகிறது. முக்கியமான புரதத்துக்கு 'கேன் எஃப் 1' என்று பெயர். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட முடிவு பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது. 'அலர்ஜி தராத' இனங்கள் என்று பெயர் எடுத்த பூடில், லாப்ரடூடில் போன்றவற்றின் முடியில் இந்தப் புரதம் மற்ற நாய்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. அவை வளரும் வீடுகளின் காற்றிலும் அளவு குறைந்திருக்கவில்லை. ஆகவே வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்தால், வாங்க நினைக்கும் அதே குட்டியோடும் அதன் தாயோடும் பல தடவை நேரம் கழித்துப் பாருங்கள். விற்பவரின் வாக்குறுதியை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இனி ஸ்பானியல்கள். காக்கர், புதருக்குள் பதுங்கியிருக்கும் பறவையைக் கிளப்பி விடுவதற்காக வளர்க்கப்பட்ட வேட்டை நாய். காக்கபூவின் மூக்கு தரையில் பட்டுவிட்டால், நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது. பிரிட்டனில் காக்கர்களிலேயே இரண்டு வகை உண்டு: கண்காட்சிக்கென்று வளர்த்த வம்சம், வேட்டைக்கென்று வளர்த்த வம்சம். வேட்டை வம்சத்துக் காக்கரின் பிள்ளை, பூடிலின் மூளையையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தால், வேலை கொடுக்காத வீட்டில் அது தானே வேலை தேடிக்கொள்ளும். செருப்பு, மேஜைக் கால், தோட்டத்துப் புல்தரை எதுவும் மிஞ்சாது. தினம் ஒரு மணி நேரமாவது ஓடியாடிய நடை வேண்டும், மழையிலும் வேண்டும். குட்டி வாங்கப் போகும்போது "தாய் எந்த வம்சம்?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டாலே பிற்பாடு வரும் தலைவலியில் பாதி குறையும்.

கவலியர் வேறு ஜாதி. மடியில் உட்காருவதே அதன் தொழில். சுத்தமான கவலியர் ஐந்தரை முதல் எட்டுக் கிலோதான் இருக்கும். காக்கர் பதின்மூன்று, பதினான்கு கிலோ. கவாபூ வீட்டுக்கு வருபவர் எல்லோரையும் சொந்தக்காரராக நினைக்கும். வயதானவர்கள் இருக்கும் ஃப்ளாட்டுக்கு இதைவிட இதமான துணை கிடைப்பது கஷ்டம். ஆனால் இந்த நாயின் அழகுக்குப் பின்னால் ஒரு சோகம் இருக்கிறது. விற்பவர்கள் அதைத் தாமாகச் சொல்வதில்லை.

1926இல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் லண்டன் க்ரஃப்ட்ஸ் கண்காட்சிக்கு வந்தார். பழைய ஓவியங்களில் கண்ட நீள மூக்கு ஸ்பானியலைக் கொண்டு வருபவருக்கு 25 பவுண்டு பரிசு அறிவித்தார். அதிலிருந்து மீட்டெடுத்த இனம்தான் கவலியர். தொடக்கத்தில் கிடைத்த நாய்கள் சொற்பம்; இரண்டாம் உலகப் போரில் அவையும் குறைந்தன. அந்தச் சிலவற்றின் வழியே இனம் பெருகியதால் அவற்றின் நோய்களும் கூடவே பெருகின. முதலாவது இதயம். மிட்ரல் வால்வு நாளாக நாளாகத் தடித்து, சரியாக மூடாமல் ரத்தம் பின்னோக்கிக் கசியும். ஐந்து வயதுக்குள் கவலியர்களில் ஏறக்குறைய பாதிக்கு இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்கத் தொடங்குகிறது. பத்து வயதில் தப்பித்தவை அபூர்வம்.

இரண்டாவது, மண்டையோடு. மூளை இருக்க வேண்டிய அளவுக்கு மண்டைக்குள் இடம் இல்லாததால் பின்பக்கம் நெருக்கம் உண்டாகி, முதுகுத்தண்டில் நீர்ப்பைகள் உருவாகும். சிரிங்கோமைலியா என்பார்கள். அந்த நாய் நடந்துகொண்டே இருக்கும்போது சட்டென்று நின்று, பின்னங்காலைத் தூக்கிக் கழுத்துப் பக்கம் காற்றில் சொறியும். நகம் தோலில் படாது. பார்ப்பவர்கள் 'என்ன அழகு' என்று சிரிப்பார்கள். அது வலியின் அடையாளம். 2022 ஜனவரியில் நார்வேயின் ஆஸ்லோ நீதிமன்றம், கவலியர்களை இனப்பெருக்கம் செய்வது அந்நாட்டு விலங்கு நலச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. அந்த அளவுக்கு விஷயம் முற்றியிருக்கிறது.

"அதற்காகத்தானே பூடிலோடு கலக்கிறார்கள், கலப்பு என்றால் ஆரோக்கியம்தானே?" என்பார்கள். லண்டன் ராயல் வெட்டரினரி கல்லூரி 2024இல் இதையே ஆராய்ந்தது. காக்கபூ, கவாபூ, லாப்ரடூடில் ஆகிய மூன்றையும் அவற்றின் தாய்வழி, தந்தைவழி இனங்களோடு வைத்து 57 நோய்களில் ஒப்பிட்டார்கள். 86.6 சதவீத ஒப்பீடுகளில் எந்த வித்தியாசமும் இல்லை. மீதியில் கலப்புக்குச் சில இடத்தில் நல்லது, கிட்டத்தட்ட அதே அளவு இடத்தில் கெட்டது. காரணம் புரியாததல்ல. விழித்திரை படிப்படியாகச் செத்துப் பார்வை போகும் பரம்பரை நோய் ஒன்று காக்கரிலும் இருக்கிறது, பூடிலிலும் இருக்கிறது. இரண்டு பக்கமும் அந்தப் பழுதைச் சுமந்தால் காக்கபூ குட்டிக்கும் அது வரலாம். சின்ன பூடில்களுக்கும் வயதானால் மிட்ரல் வால்வு தொல்லை வரும் என்பதால், கவாபூவின் இதயத்துக்கும் முழுக் காப்பு கிடையாது.

அடுத்து முடி. இதில் இரண்டு நாய்களும் ஒன்றுதான். இரண்டும் உங்களைப் பாடாய்ப் படுத்தும். நாயின் முடி எப்படி அமையும் என்பதைப் பெரும்பாலும் மூன்று மரபணுக்களே தீர்மானிக்கின்றன என்று 2009இல் கண்டுபிடித்தார்கள்: ஒன்று நீளத்துக்கு, ஒன்று சுருளுக்கு, ஒன்று மீசை தாடிக்கு. பூடிலும் ஸ்பானியலும் சேர்ந்த முதல் தலைமுறையில் மீசை தாடி கட்டாயம் வரும். அந்தக் கலப்பையும் கலப்பையும் சேர்த்தால், நான்கில் ஒன்று மழுமழு முகத்தோடு, முடி கொட்டும் குட்டியாகப் பிறக்கலாம். 'முடியே கொட்டாது' என்று கேட்டு வாங்கி, கம்பளம் முழுக்க முடியைப் பார்த்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

கொட்டாத முடி உதிர்ந்தும் கீழே விழாமல் பக்கத்து முடியில் சிக்கிக்கொள்கிறது. குட்டி முடி மாறிப் பெரிய முடி வரும் எட்டு முதல் பன்னிரண்டாம் மாதம் வரை இது மிக மோசம். ஒரு நாய் சலூனில் பார்த்த காட்சியைச் சொல்கிறேன். மேஜையில் நின்ற கவாபூவின் மேல்முடி பஞ்சு மாதிரி பளபளவென்று இருந்தது. உரிமையாளர் தினமும் பிரஷ் போடுவதாகச் சொன்னார், பொய் சொல்லவில்லை. முடி வெட்டும் பெண் இரும்புச் சீப்பை முடிக்குள் இறக்கியபோது அரை அங்குலத்தில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே, தோலோடு ஒட்டி, ஒரே கம்பளித் துணியாகச் சடை பிடித்திருந்தது. காது மடலுக்குப் பின்னால், அக்குளில், கழுத்துப் பட்டைக்கு அடியில் தோல் சிவந்து ஈரமாக இருந்தது. சடை இழுத்த ஒவ்வொரு அசைவிலும் அந்த நாய் வலியோடுதான் இருந்திருக்கிறது. முழுதாக மழிப்பதைத் தவிர வழியில்லை. முடியை வகிடு வகிடாகப் பிரித்து, வேரிலிருந்து சீப்பு தடையில்லாமல் வர வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை க்ரூமரிடம் போக வேண்டும். காதையும் வாரந்தோறும் திறந்து பார்க்க வேண்டும்; தொங்கு காதும் உள்ளே முடியும் சேர்ந்தால் சீழ் பிடிப்பது சுலபம். இதற்கு நேரமில்லாத வீட்டுக்கு இரண்டுமே வேண்டாம்.

வாங்கும் இடத்துக்கு வருவோம். 2013இல் வேல்ஸில் ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து லூசி என்ற கவலியரை மீட்டார்கள். வருடக்கணக்கில் கூண்டில் வைத்துக் குட்டி போட வைத்ததில் அதன் இடுப்பு ஒட்டி, முதுகு வளைந்திருந்தது. அதன் பெயராலேயே 'லூசி சட்டம்' என்று வழங்கும் விதி 2020 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் அமலில் இருக்கிறது: ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியை இடைத்தரகர் யாரும் விற்கக் கூடாது. பிறந்த இடத்தில், தாயோடு சேர்த்துத்தான் குட்டியைக் காட்ட வேண்டும். "சர்வீஸ் ஸ்டேஷனுக்கு வாங்க, காரில் கொண்டு வந்து தர்றேன்" என்று எவராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். குட்டியின் விலை மலிவாக இருந்தாலும் சரி, அழுது அடம்பிடிக்கும் பிள்ளை பக்கத்தில் நின்றாலும் சரி.

தாயைப் பார்த்த பிறகு காகிதங்களைக் கேளுங்கள். காக்கபூ என்றால் தாய், தந்தை இருவருக்கும் கண் நோய்க்கான டிஎன்ஏ முடிவும், காக்கருக்குச் சிறுநீரகப் பரம்பரை நோய்க்கான முடிவும். கவாபூ என்றால் கவலியரின் இதயப் பரிசோதனையும் மண்டை எம்ஆர்ஐயும், பூடிலின் முழங்கால் சில்லு சோதனையும். கவலியருக்கு இரண்டரை வயதாவது ஆகியிருக்க வேண்டும்; அதன் பெற்றோர் ஐந்து வயதிலும் முணுமுணுப்பு இல்லாமல் இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும். "வெட் பார்த்து நல்லா இருக்குன்னு சொல்லிட்டார்" என்பது அத்தாட்சி ஆகாது.

நம் வீடுகளுக்கென்று ஒரு எச்சரிக்கை. பாயசத்தில் மிதக்கும் திராட்சை வற்றல் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. சாம்பார் வெங்காயம் அதன் ரத்த அணுக்களை அழிக்கும். பாசத்தோடு ஊட்டிவிடும் பாட்டியிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால்: எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும், தினமும் வெளியே இறங்கி நடக்கும் ஒரு ஆளும் இருக்கும் வீட்டுக்குக் காக்கபூ, அதுவும் கண்காட்சி வம்சத்திலிருந்து. நாள் முழுக்க ஒருவர் வீட்டில் இருக்கும், அமைதியான குடும்பத்துக்குக் கவாபூ. ஆனால் இதயக் காகிதம் கையில் இருந்தால் மட்டும். அது கிடைக்காவிட்டால் அடுத்த ஈற்றுக்குக் காத்திருங்கள், அல்லது காக்கபூவுக்கு மாறுங்கள். காலையில் எல்லோரும் கிளம்பி மாலையில் திரும்பும் வீடென்றால் இரண்டையும் விடுங்கள். தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியே விடக் கூடாது என்று விலங்கு நல அமைப்புகள் சொல்வது இந்த நாய்களுக்கு மிகவும் பொருந்தும்.

இன்னொரு வழியும் உண்டு. அதிகம் பேர் யோசிக்காத வழி. ஒன்றிரண்டு வயதில், குறும்பு தாங்காமல் விடப்பட்ட கலப்பு நாய்கள் டாக்ஸ் டிரஸ்ட், புளூ கிராஸ் போன்ற காப்பகங்களுக்கு வருகின்றன. குட்டியிடம் ஊகிக்க வேண்டிய எல்லாம் அங்கே கண்ணுக்குத் தெரியும்: முடி எப்படி, எடை என்ன, குழந்தையைக் கண்டால் ஒதுங்குகிறதா ஒட்டுகிறதா, தனியே விட்டால் குரைக்கிறதா. அலர்ஜி உள்ளவர் அதே நாயோடு உட்கார்ந்து மூச்சுவிட்டுப் பார்க்கலாம். பெற்றோரின் காகிதம் கிடைக்காது. ஆனால் உங்கள் வெட் அதன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து அந்த இதயத்தையே கேட்டுச் சொல்ல முடியும்.