பாட்டை மருந்தாக விற்கும் சுவரொட்டி

ஷார்ஜா தொழில்பேட்டையின் தொழிலாளர் விடுதிகளில் தைலப் போத்தல் எல்லோரும் அறிந்த பொருள். இலங்கையில் இருந்து வந்தவருக்குச் சித்தாலேப, தமிழ்நாட்டில் இருந்து வந்தவருக்கு அமிர்தாஞ்சன். அங்கே ஓர் இசை மாலைக்குச் சுவரொட்டி செய்வதென்றால், பழைய மருந்து விளம்பரத்தைப் பகடி செய்யும் வடிவம் எவருக்கும் உடனே விளங்கும்.

இசைக்கும் தைலத்துக்கும் பழைய உறவும் உண்டு. 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனைத் தொடங்கிய காசிநாதுனி நாகேசுவரராவ், இசைக் கச்சேரிக்கு வந்தவர்களிடம் அதை இலவசமாகக் கொடுத்துப் பரப்பினார்.

பழைய மருந்து விளம்பரங்களுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. மேலே தடித்த எழுத்தில் கேள்வி: 'நித்திரை இல்லையா?' கீழே தலையைப் பிடித்தபடி ஒருவர், பக்கத்தில் அவரே சிரித்தபடி. பிறகு தீரும் நோய்களின் பட்டியல், பாவிக்கும் அளவு, போலிகள் பற்றிய எச்சரிக்கை, கடைசியில் கிடைக்குமிடம்.

இந்த ஒழுங்கை மாற்றாமல் சரக்கை மட்டும் மாற்றினால் போதும். போத்தல் இருந்த இடத்தில் ஆர்மோனியம். அளவு: 'மாலையில் மூன்று பாட்டு, தலையை நன்றாக ஆட்டிக் கேட்கவும்.' எச்சரிக்கை: 'காதில் மாட்டும் போலிகளைக் கண்டு ஏமாறாதீர்.' இரண்டு நிறங்களும் கொடிக்கரையும் பழைய அச்சின் சாயலைத் தந்துவிடும். உண்மையான நிறுவனத்தின் பெயரையோ முத்திரையையோ எடுக்கக் கூடாது.

கவனம் வேண்டிய இடம் நோய்ப் பட்டியல். எல்லாம் தீரும் என்பதே பழைய விளம்பரங்களின் பொய். நீரிழிவு, புற்றுநோய் போன்றவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை இந்தியா 1954ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுத்தது. அமீரகத்திலும் மருத்துவ விளம்பரத்துக்குச் சுகாதாரத் துறையின் முன் அனுமதி வேண்டும். கடனாலும் பிரிவாலும் நித்திரை கெட்டவர்கள் வாழும் இடத்தில், 'குளிசையை விடுங்கள், பாட்டைக் கேளுங்கள்' என்ற வரி பகிடியாக மட்டும் நிற்காது. யாராவது அதை நம்பிவிடலாம். ஆகவே பட்டியலில் பாட்டு உண்மையாகவே தணிக்கக் கூடியவை மட்டும் வரட்டும்: விடுமுறை நாள் வெறுமை, வீட்டு நினைவு, கூடப் பாட ஆளில்லாத குறை. அடியில் 'இது இசை நிகழ்ச்சி, மருந்து அல்ல' என்று தெளிவாக எழுத வேண்டும்.

'கிடைக்குமிடம்' என்ற பகுதியில் பகிடி வேண்டாம். நாள், நேரம், இடம், வாகன வசதி ஆகியவை கைபேசியில் பார்த்தாலும் வாசிக்கும் அளவில் இருக்கட்டும்.

அச்சுக்குக் கொடுக்குமுன், வேலை முடிந்து களைத்து வந்த ஒருவரிடம் காட்டுங்கள். அவர் சிரித்துவிட்டு, எத்தனை மணிக்கு, எங்கே என்பதையும் சரியாகச் சொன்னால் சுவரொட்டி தயார்.