மிளகுப் பகுப்பில் குழல் கடப்பு நேரம்

குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மலைவழிகள் இடுக்கியின் மிளகுத் தோட்டங்களைத் தேனிச் சமவெளியோடு இணைக்கின்றன. அம்மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரினை அளக்க ஆய்வுக்கூடங்களில் தலைகீழ் நிலைமை நீர்ம வண்ணப்பிரிகை என்னும் முறை வழங்குகின்றது. பண்டைய முறையில் பொதிவு நீர்ப்பாங்கும் கரைப்பான் எண்ணெய்ப் பாங்கும் உடையன. 1950இல் ஹோவர்டும் மார்ட்டினும் இதனை மாற்றியமைத்ததால் இப்பெயர் வந்தது.

சிலிக்கா மணிகளின்மீது நீண்ட கார்பன் சங்கிலிகளைப் பிணைத்து எஃகுக் குழலில் செறித்து, நீரும் மெத்தனாலும் கலந்த கரைப்பானை அழுத்தத்தோடு செலுத்துவர். எண்ணெய்ப் பாங்குடைய பொருள் தங்கித் தங்கிச் செல்லும். மிகுந்த நீர்ப்பாங்குடையது தங்காது வெளியேறும். சந்தையில் ஒருவர் கடைகளில் நின்ற நேரத்தை அறிய, எங்கும் நில்லாமல் நடந்தவர் எடுத்த நேரத்தைக் கழிக்க வேண்டுமன்றோ? அதுபோன்று கழிக்க வேண்டியதே குழல் கடப்பு நேரம்.

25 செ.மீ. நீளமும் 4.6 மி.மீ. உள்விட்டமும் உள்ள வெற்றுக் குழல் ஏறத்தாழ 4.15 மி.லி. கொள்ளும். பொதிந்த பின் அதில் ஐந்தில் மூன்று பங்குக்குச் சற்று மேலாகக் கரைப்பான் நிற்கும். நிமிடத்துக்கு 1 மி.லி. ஓடினால் கடப்பு நேரம் 2.6 நிமிட அளவில் இருக்கும். ஆயினும் இது மதிப்பீடே, அளவீடு அன்று.

அளப்பதற்குப் பெரிதும் பயன்படுவது யுராசில். இங்கேதான் மிளகுப் பகுப்பில் ஓர் இடர் உண்டு. பைப்பரினை 343 நானோமீட்டர் அலைநீளத்தில் காண்பர். யுராசில் அவ்வொளியை உறிஞ்சுவதில்லை. உணர்கருவியை 254க்கு மாற்றாதவர் வெறுங்கோட்டையே காண்பர். பின்னர் முதலில் தோன்றும் ஏதோவொரு நெளிவைக் கடப்பு நேரமெனக் குறித்துவிடுவதும் உண்டு. பைப்பரின் 7.8 நிமிடத்தில் வெளிவருவதாகக் கொள்வோம். 2.6ஐக் கழித்து 2.6ஆல் வகுத்தால் தங்கல் காரணி 2. பிழையாக 2.0 எனக் குறித்திருந்தால் அது 2.9 ஆகும். ஒரே குழல், ஒரே மிளகு. எனினும் இரு கூடங்களின் குறிப்புகள் ஒவ்வா.

பைப்பரினின் சதவீதம் முகட்டின் பரப்பிலிருந்து கிடைப்பது. ஆதலின் இப்பிழை அதனை நேரே மாற்றாது. ஆனால் தங்கல் போதுமென்று நம்பிவிட்டால், முந்தி வெளிவரும் பிற சாற்றுப் பொருள்கள் முகட்டோடு கலப்பது கண்ணில் படாது போகும். அப்போது சதவீதமும் பொய்க்கும்.

சிலர் சோடியம் நைட்ரேட்டைக் கையாளுவர். உப்புச் சேராத கரைப்பானில் சிலிக்காவின் எதிர்மின்னேற்றம் நைட்ரேட்டு அயனியை நுண்துளைகளுக்குள் புகவிடாது விலக்கும். அது முந்தி வெளிவந்து குறைந்த நேரத்தைக் காட்டும். யுராசிலும் நீர் மிகுந்த கரைப்பானில் சற்றே தங்கும். ஆனால் மெத்தனால் மிகுந்த மிளகுப் பகுப்பில் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. குழல், கரைப்பான் விகிதம், ஓட்டம் இவற்றுள் எது மாறினும் மீண்டும் அளந்து, அலைநீளத்தோடு அன்றைய பதிவேட்டில் எழுதுதல் வேண்டும்.