மஞ்சளும் மரப்பட்டையும் கணையப் புற்றுநோயும்

கணையத்தில் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்ன வீட்டிற்கு, அடுத்த சில நாள்களில் யாராவது ஒருவர் ஒரு மூலிகையின் பெயரோடு வந்துவிடுகிறார். அன்பினால் சொல்லப்படும் ஆலோசனைதான் அது. தாவரங்களில் மருந்து உண்டு என்பதும் பொய்யல்ல. ஆனால் எந்த வடிவில், எந்த அளவில் என்பதைக் கேட்காமல் மருத்துவமனைச் சிகிச்சையை விட்டுவிடுவது ஆபத்தானது.

இரைப்பைக்குப் பின்னால் மறைந்திருக்கும் கணையத்தில் கட்டி தோன்றினால் நெடுநாள் அறிகுறியே தெரிவதில்லை. எனவே பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சைக்கான கட்டம் கடந்த பிறகே நோய் தெரியவருகிறது. அத்தகையோருக்கு இன்று ஊசிவழி ஏற்றப்படும் முக்கிய மருந்துகளில் இரண்டு, மரங்களிலிருந்து வந்தவை.

ஒன்று பாக்லிடாக்சல். அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் காடுகளில் வளரும் யூ மரத்தின் பட்டையில் இருப்பது. மன்றோ வால், இந்தியாவில் பிறந்த மன்சுக் வானி ஆகிய வேதியியலாளர்களின் குழு 1971-இல் இதன் அமைப்பை வெளியிட்டது. இதே குழுதான் 1966-இல் சீன மரம் ஒன்றிலிருந்து காம்ப்டோதெசின் என்ற பொருளையும் கண்டறிந்தது. அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கியது. வேதியியல் முறையில் மாற்றியமைத்த பிறகே அது இரினோடீகன் என்ற மருந்தானது. (நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு சிறுமரத்திலும் காம்ப்டோதெசின் உண்டு. அதற்காகவே அம்மரம் அளவுக்கு மீறி வெட்டப்பட்டது வேறு கதை.)

இரினோடீகன் உள்ளிட்ட நான்கு மருந்துகளின் கூட்டுச் சிகிச்சையை, நோய் பரவிவிட்டவர்களிடம் பிரான்சில் சோதித்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். பழைய ஒற்றை மருந்தில் 6.8 மாதமாக இருந்த இடைநிலை ஆயுட்காலம் 11.1 மாதமானது. பக்கவிளைவுகளும் கூடின. குணமாகிவிடும் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் அந்த நான்கு மாதங்களின் மதிப்பு குடும்பத்தாருக்குத் தெரியும்.

மஞ்சள்? அதன் குர்குமினை நாளொன்றுக்கு 8 கிராம் வீதம், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கணையப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-இல் வெளியான முடிவின்படி, மதிப்பிட முடிந்த 21 பேரில் இருவரிடமே குறிப்பிடத்தக்க பயன் தெரிந்தது. விழுங்கிய குர்குமினில் மிகச் சிறிதளவே இரத்தத்தில் சேர்கிறது. மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 விழுக்காடுதான். ஆகவே அந்த 8 கிராமுக்கு தினமும் கால் கிலோ மஞ்சள்தூள் வேண்டும்!

சமையலில் மஞ்சள் தாராளமாக இருக்கட்டும். செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளோ சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்திருக்கின்றன. புற்றுநோய் மருந்துகள் பலவற்றைக் கையாள்வதும் அதே கல்லீரல்தான். எனவே எந்தச் சூரணமானாலும் மாத்திரையானாலும், அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது புட்டியோடு எடுத்துச் சென்று காட்டுங்கள்.