பாட்டு ஓடுகிறது, ஒலி வரவில்லை

விடுமுறை நாள் மாலையில் துவாரகாவிலிருந்து இராமகிருஷ்ணபுரத்து மலைமந்திருக்கு ஒரு குடும்பம் மகிழுந்தில் புறப்படுகிறது. தந்தையின் திறன்பேசி புளூடூத் வழியே மகிழுந்தின் ஒலிக்கருவியுடன் இணைந்துவிட்டது. திரையும் அவ்வாறே அறிவிக்கிறது. பாடலின் நொடிகள் ஓடுகின்றன. ஆயினும் ஒலிபெருக்கி ஊமையாக இருக்கிறது. அவ்வேளையில் மதுரையிலிருந்து பாட்டியின் அழைப்பு வருகிறது. அவர் குரலோ தெளிவாகக் கேட்கிறது! பாட்டு வராத ஒலிபெருக்கியில் பாட்டியின் குரல் மட்டும் வருவது எவ்வாறு?

புளூடூத் என்பது குறுந்தொலைவு வானொலித் தொடர்பு. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு புளூடூத் என்னும் மன்னரின் பெயரே இதற்கு இடப்பட்டது. இத்தொடர்பு ஒரே பாதையன்று. இசைக்கு 'ஏ2டிபி' என்னும் வழியும், அழைப்புக்கு 'எச்எஃப்பி' என்னும் வழியும் தனித்தனியே உள்ளன. ஒன்று திறந்து மற்றொன்று மூடியிருக்கலாம். திறன்பேசியின் அமைப்புகளில், இணைந்த கருவியின் பெயருக்கு அருகே உள்ள பற்சக்கரக் குறியைத் தொட்டால், பெரும்பாலான ஆண்ட்ராய்டு பேசிகளில் அழைப்புக்கும் இசைக்கும் உரிய இரு பொத்தான்கள் தோன்றும். இசைக்குரியது அணைந்திருந்தால் அதனை இயக்க வேண்டும்.

இதற்கு முன்பே பார்க்க வேண்டிய எளிய செய்தி ஒன்றுண்டு. மகிழுந்தின் ஒலிக்கருவி வானொலியிலேயே நின்றிருந்தால், புளூடூத் பாடல் எங்கிருந்து வரும்? பலர் இதை மறந்துவிட்டுக் கரோல் பாக் கடைகளில் புதுக்கருவிக்கு விலை கேட்கின்றனர்! பின்னிருக்கையில் இருக்கும் அக்காளின் காதொலிப்பான் அதே பேசியுடன் இணைந்திருந்தால், பாட்டு அங்கே போய்விடுவதும் உண்டு. ஒலியளவும் ஒன்றன்று: பாட்டுக்கு ஒன்று, அழைப்புக்கு ஒன்று, மகிழுந்துக்கு ஒன்று. பாட்டியின் குரல் மெலிந்து கேட்டால், அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அளவைக் கூட்ட வேண்டும். பாட்டு ஓடும்போது கூட்டினால் பாட்டே உயரும். இவற்றாலும் பயனில்லையெனில், பேசி, மகிழுந்து ஆகிய இரண்டிலும் பழைய இணைப்பை நீக்கிவிட்டுப் புதிதாக இணைத்தல் வேண்டும். ஒன்றில் மட்டும் நீக்கினால் மற்றது பழைய நினைவிலேயே இருக்கும்.

இவையனைத்தும் வண்டியை ஓரமாக நிறுத்திய பின்னரே செய்யத்தக்கவை. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, ஓட்டும்போது பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது ஆபத்தான ஓட்டுதலில் அடங்கும், முதல் முறைக்கே தண்டத்தொகை 1000 முதல் 5000 ரூபாய் வரை ஆகலாம், சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு.

கம்பி வழி இணைப்பிலும் விந்தைகள் உண்டு. 3.5 மில்லிமீட்டர் செருகி முழுதும் உள்ளே போகாவிடில், வாத்தியங்கள் கேட்கும்; பாடகர் மட்டும் காணாமற்போவார்! செருகியில் இடப்பக்கத்திற்கும் வலப்பக்கத்திற்கும் பொதுவான ஒரு தொடுமுனை உண்டு. அது தொடாமற்போனால், இரு பக்கங்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு மட்டுமே ஒலிபெருக்கியை அடையும். பாடகரின் குரல் பெரும்பாலும் இரு பக்கமும் சமமாகப் பதிவாகியிருப்பதால் ஒன்றையொன்று அழித்துவிடுகிறது. கோளாறு பாடலிலும் இல்லை, பாடகரிடமும் இல்லை. செருகியைச் சற்று அழுத்தினால் போதும்.

எஞ்சின் விரைவுக்கேற்ப ஏறி இறங்கும் ரீங்காரம் கேட்டால், மின்னேற்றும் கம்பியைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். ரீங்காரம் உடனே நின்றால், மகிழுந்தின் மின்னாக்கியிலிருந்து எழும் இரைச்சல் அக்கம்பி வழியாகப் பாட்டில் கலந்தது என அறியலாம். பேசியையும் ஒலிக்கருவியையும் யுஎஸ்பி கம்பியால் இணைத்தும் பாட்டு வரவில்லையெனில், கம்பியையே ஐயுற வேண்டும். மலிவான சில கம்பிகளில் மின்சாரம் செல்லும் இழைகள் மட்டுமே இருக்கும். தரவு செல்லும் இழைகள் இரா. பேசிக்கு மின்னேறும், பாட்டு வராது.

புளூடூத் இல்லாத பழைய வண்டிகளில் சிறு பண்பலை ஒலிபரப்பியைச் செருகுவர். அது பேசியின் பாட்டை வானொலி அலையாக மாற்றி அனுப்பும். தில்லியின் வானமோ நெரிசலானது. 98.3இலும் 102.6இலும் வலிய நிலையங்கள் ஒலிக்கின்றன. அவற்றின் அருகே வைத்தால் சிற்றொலிபரப்பியின் பாட்டு அமுங்கிவிடும். ஆளில்லாத அலையெண்ணைத் தேடிப்பிடிக்க வேண்டும். குருகிராமத்தைக் கடந்து ஜெய்ப்பூர்ச் சாலையில் வெகுதொலைவு சென்றுவிட்டால், அத்தகைய இடம் எளிதில் கிடைக்கும்.